அன்னபேதி பூசிய மூலை

வெளியில் நிற்கும் மரத்துக்கு என்ன பூசலாம் என்று கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். கட்டுமானப் பொருள் கடையின் சாயப் பிரிவில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்பதால் சொல்கிறேன். அவர்களுக்கு வேண்டியது ஆலோசனை இல்லை, யாராவது தலையாட்ட வேண்டும். நான் பொறுமையாகத் தலையாட்டுவேன். மலைகளுக்கிடையே கடல் நுழைந்த இந்த ஃபியோர்டுக் கரையில் வேலி போட்டவர்கள், தோட்டத்துக்குப் படிக்கட்டு வைத்தவர்கள், பேரனுக்கு ஊஞ்சல் கட்டியவர்கள், எல்லோரும் "போர்கில்டைக் கேட்டுட்டுப் பூசு" என்று என் பெயரைத்தான் சொல்வார்கள்.

நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் அந்தக் கட்டைத் துண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்தை மழை கெடுக்கிறது என்று நினைக்கிறார்கள். மழை கெடுப்பதில்லை. எங்கள் ஊர்ப் படகுக் கொட்டகைகளைப் பாருங்கள், நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, கட்டியவர்களின் பெயர் மறந்த பிறகும் நிற்கின்றன. கெடுப்பது ஈரத்தை உள்ளே வைத்து அடைப்பது. மரத்தின் வெட்டு முனையில் கெட்டியாக ஒரு சாயத்தைப் பூசிவிட்டால் பார்ப்பதற்குப் பாதுகாப்பாக இருக்கும். ஆணித் துளை வழியே கொஞ்சம் தண்ணீர் போகும், வெளியே வர வழியிருக்காது. மரம் உள்ளுக்குள்ளேயே ஊறும். வெளியே ஒன்றும் தெரியாது. இந்தத் துண்டில் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் படலம் அந்தச் சாயம்தான். பூசியது நான்தான். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் ராக்னியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

ராக்னி பள்ளிப் பேருந்து ஓட்டினாள். சத்தமாகச் சிரிப்பாள். அவள் சிரித்தால் பின்னிருக்கையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகள்கூட என்னவென்று எட்டிப் பார்ப்பார்கள் என்று சொல்வார்கள். நாங்கள் இருவரும் தினமும் காலையில் என் படகுக் கொட்டகைக்குக் கீழே கடலில் இறங்கிக் குளிப்போம். கோடையில் மட்டும் இல்லை. பனி விழும்போதும், கரையோரம் கண்ணாடிபோல் ஐஸ் படிந்திருக்கும்போதும் இறங்குவோம். கழுத்துவரை இறங்கி, மூச்சு அடங்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். அப்படி நிற்கும்போது அவள் முகத்தில் வேறு யாரும் பார்த்திராத ஒன்று இருக்கும். பயமும் சந்தோஷமும் இன்னும் பிரியாத ஒரு நிலை. பிறகு கொட்டகைக்குள் போய், ஈரத் தலையோடு, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து மடித்த வாஃபிளும் காபியும். அவளுடைய துண்டு என் கொட்டகையில் ஓர் ஆணியில் எப்போதும் தொங்கும். அதைத் துவைப்பதும் நான்தான்.

எனக்குத் திருமணம் வாய்க்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். வாய்க்காமல் இல்லை. எனக்குக் காலைப்பொழுது ஒன்று இருந்தது, அது போதுமானதாக இருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கொட்டகையில் வைத்துத்தான் ஒரு நாள் இஸ்திரிப்பெட்டிக் கதையைச் சொன்னாள். அவள் கணவன் ஓட்வார் மீன்பிடிக் கப்பலில் போயிருந்த ஒரு சமயம், அவனை விட்டுவிட்டுப் போய்விடுவதென்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே போகும் கரையோரக் கப்பலில் ஏறிவிட்டாள். அடுத்த துறை வருவதற்குள் இஸ்திரிப்பெட்டியை அணைத்தோமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. இறங்கித் திரும்பி வந்தாள். இஸ்திரிப்பெட்டி அலமாரியில் சில்லென்று இருந்தது. துணிகளை மறுபடி அடுக்கி வைத்துவிட்டு உருளைக்கிழங்கு வேகவைத்தாள். ஓட்வார் செத்து மண்ணுக்குப் போகும்வரை அவனுக்குத் தெரியாது. "உன்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்" என்றாள். அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. நான் அவள் தலையைத் துவட்டிவிட்டேன். என்னிடம் இருந்த விலையுயர்ந்த பொருள் எது என்று யாராவது கேட்டிருந்தால், அந்தக் கதை என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிறகு விபேக்கா வந்தாள்.

தலைநகரிலிருந்து வந்தவள், கணினியில் ஏதோ வரைகிற வேலை. பாறைமேல் இருக்கும் மஞ்சள் வீட்டை வாங்கினாள். எங்களைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். அவளைக் குளிக்கக் கூப்பிட்டது நான்தான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவள், தனியாக இருக்கிறாள், அழைப்பது மரியாதை. எங்கள் பக்கம் குடிவருகிற நகரத்துக்காரர்கள் இரண்டு குளிர்காலத்தில் ஓடிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் ஓடவில்லை. தண்ணீரில் இறங்கும்போது கெட்ட வார்த்தை சொல்லிக் கத்துவாள். ராக்னிக்கு அது பிடித்துப்போயிற்று, அவளும் கத்த ஆரம்பித்தாள். அதுவரை நாங்கள் தண்ணீரில் பேசியதே இல்லை. ராக்னி இப்போது மூச்சு அடங்கும்வரை யார் முகத்தைப் பார்க்கிறாள் என்று கவனிப்பது எனக்கு வழக்கமாயிற்று. மூன்று பேர் வட்டமாக நின்றால் ஒருத்திக்குப் பக்கவாட்டு முகம்தான் கிடைக்கும். பொறாமை என்று நீங்கள் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அது நெருப்பு மாதிரி இருக்கும் என்று சொல்கிறார்கள், எனக்கு அப்படி இருந்ததே இல்லை. கணக்குப் பார்க்கிற குமாஸ்தா ஒருத்தி எனக்குள் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். பார்வைகளை, தொடுதல்களை, முடிக்காமல் விட்ட வாக்கியங்களை அவள் ஒழுங்காகப் பதிந்துகொண்டிருந்தாள். அவள் ஒரு நாளும் குரல் உயர்த்தவில்லை.

வசந்தத்தில் இருவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். விபேக்கா தன் வீட்டுப் பாறையின் விளிம்பில் ஒரு மரமேடை கட்டப்போகிறாள். அங்கிருந்து கீழே கடலுக்கு ஏணி. குளித்துவிட்டு மேலேறி வந்து வெயிலில் உட்காரலாம். என் கொட்டகை வடக்குப் பார்த்தது, வெயில் வராது. அதை ராக்னிதான் சொன்னாள், கனிவாக, எனக்கு நல்ல செய்தி சொல்கிறவள்போல.

"அந்தப் பச்சை நிறக் கட்டை எனக்கு வேண்டாம். உளுத்துப்போகாம இருக்க மருந்து ஏத்துனது. வெறுங்காலோட நடக்கிற இடம், மழை பெஞ்சா அதெல்லாம் கடலுக்குத்தானே போகும்?" என்றாள் விபேக்கா.

"பாத்தியா, கடலுக்காகக் கவலைப்படுறா. நாம இத்தனை வருஷமா அதுக்குள்ளயே கிடந்தோமே, ஒரு நாளாவது அதை நலம் விசாரிச்சோமா?" என்றாள் ராக்னி.

நான் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். தார் நல்லது, ஆனால் வெயிலில் ஒட்டும், துணியில் அப்பும். ஆளிவிதை எண்ணெய் எங்கள் ஈரத்தில் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். நிறமேற்றும் பூச்சு சில வருஷத்துக்கொருமுறை உரியும், சுரண்டிப் பூச வேண்டும். விபேக்கா தலையசைத்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பத்திரிகையில் வந்த ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளிபோல் சாம்பல் பூத்த மரமேடை. முன்பே சொன்னேனே, முடிவெடுத்துவிட்டுத்தான் வருவார்கள்.

அது அன்னபேதி, ஒருவகை இரும்பு உப்பு. தண்ணீரில் கரைத்துப் பூசினால் கொஞ்ச நாளில் புது மரம் கிழடு தட்டிச் சாம்பலாகிவிடும். அதற்குமேல் அது ஒன்றும் செய்யாது. இதையும் நான் மறைக்கவில்லை.

"இது நிறத்தை மட்டும்தான் குடுக்கும், காவல் குடுக்காது" என்றேன். "மரம் தன்னைத்தானே காப்பாத்திக்கணும். வைரம் பாஞ்ச பைன் கட்டையா இருந்தா தாங்கும். வெள்ளைக் கட்டையா இருந்தா தாங்காது. வெட்டு முனைக்கு மட்டும் தார் வைக்கணும்."

"வைரமா வெள்ளையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நீ எதுக்குக் கண்டுபிடிக்கணும்? இவ பொறுக்கிக் குடுப்பா" என்றாள் ராக்னி. "கட்டையோட வயித்துல என்ன இருக்குன்னு இவளுக்கு அத்துப்படி. மனுஷங்க வயித்துலதான் ஒண்ணும் தெரியாது, பாவம்."

மூவரும் சிரித்தோம். விபேக்கா கைப்பிடி மட்டும் பலமாக இருக்க வேண்டும் என்றாள். உயரம் என்றால் அவளுக்குத் தலை சுற்றும். மேடையின் நடுவில் உட்கார்ந்தால் போதும், விளிம்புக்குப் போகவே மாட்டாள், ஆனால் கைப்பிடி இருக்கிறது என்று தெரிந்தால்தான் நடுவிலும் உட்கார முடியும் என்றாள். பலமாக இருக்கும் என்று நான் சொன்னேன்.

கிளம்பும்போது, கதவருகே, விபேக்கா ராக்னியின் தோளை இடித்து, "இஸ்திரிப்பெட்டிய அணைச்சிட்டுத்தானே வந்தே?" என்றாள்.

ராக்னி சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியவள் என்னைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு அவள் வாயில் கொஞ்ச நேரம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. பிறகு கதவு மூடிக்கொண்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. அன்று மாலை மீன் உருண்டை செய்து வெள்ளைக் குழம்போடு சாப்பிட்டேன். நன்றாக வந்திருந்தது. சாப்பிடும்போது ஒன்றுதான் யோசித்தேன். அந்தக் கதையை அவள் எங்கே வைத்துச் சொல்லியிருப்பாள், அப்போது தலை ஈரமாக இருந்ததா, யார் துவட்டினார்கள்.

மறுநாள் கடையின் பின்கட்டில் கட்டைகளைப் பொறுக்கினேன். வெட்டு முனையைப் பார்த்தாலே தெரியும். நடுவில் செம்பழுப்பாக இருப்பது வைரம், சுற்றி வெளுப்பாக இருப்பது வெள்ளை. மேடைக்கும் கைப்பிடிக்கும் எல்லாமே நல்ல வைரக் கட்டைகளாகப் பார்த்து எடுத்தேன். அவ்வளவு நல்ல கட்டைகளை நான் எனக்குக்கூட எடுத்ததில்லை. கடல் பக்கத்து மூலையில் நிற்கும் கைப்பிடிக் கம்பங்கள் இரண்டுக்கு மட்டும், வேகமாக வளர்ந்த இளமரத்தில் அறுத்த, முழுக்க வெள்ளையான கட்டைகளை எடுத்தேன். அவற்றை என் கொட்டகைக்குக் கொண்டுவந்து வெட்டு முனைகளைக் கெட்டியான சாயத்தால் அடைத்தேன், மேலே அன்னபேதி பூசினேன். மற்றவற்றுக்கு முனையில் தார் வைத்து அன்னபேதி பூசினேன். காய்ந்ததும் முனையைத் தவிர எல்லாம் ஒரே சாம்பல். மூலைக்கு எது என்று நான் அடையாளம் வைக்க வேண்டியிருந்தது.

அப்போது என் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மேடை சில வருஷத்தில் மூலையில் உளுத்துத் தொங்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும், விபேக்காவுக்கு அலுத்துப்போகும், ராக்னி கொட்டகைக்குத் திரும்புவாள் என்று நினைத்தேன். பல நாள் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டியது ஊர் கூடித்தான். நாங்கள் டுக்னாட் என்போம். ஒருவர் வீட்டு வேலைக்கு ஊரே வந்து கைகொடுக்கும், கூலி கிடையாது, வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார். உங்கள் பக்கத்திலும் உண்டு, ஆனால் இங்கே அதில் எழுதப்படாத ஒரு சட்டம் இருக்கிறது. அவரவருக்குத் தெரிந்த வேலையை அவரவர் எடுத்துக்கொள்வார்கள், ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்கக் கூடாது. விருந்துக்கு வந்தவரிடம் கை கழுவினீர்களா என்று கேட்பது மாதிரி அது. துளை போடுகிறவர் போட்டார், மட்டம் பார்க்கிறவர் பார்த்தார். மரமும் பூச்சும் போர்கில்டுடையது. அவ்வளவுதான். கம்பத்தை நட்டவர்கள் வெள்ளையாக அடைத்திருந்த முனையைப் பார்த்தார்கள். தாருக்குப் பதிலாக ஏதோ புதுசு போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு ஸ்வெர்ரேதான் அன்று முழுக்கக் கேலி பேசிக்கொண்டிருந்தார். "எங்கப்பா மரம் சாம்பலாயிடக் கூடாதுன்னு ஏணியில ஏறி ஏறிப் பூசியே முதுகு வளைஞ்சு செத்தாரு. இந்தம்மா காசு குடுத்துச் சாம்பலாக்குறாங்க. அப்பா எழுந்து வந்தா மறுபடியும் செத்துருவாரு" என்றார். விபேக்கா அவருக்கு இரண்டாவது கிண்ணம் ஆட்டிறைச்சிக் குழம்பு ஊற்றி வாயை அடைத்தாள். எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது. எனக்கும்தான், ஒருவகையில். அவள் என்னை மேடைக்கு நடுவில் நிறுத்தி, மரத்தைத் தேர்ந்தெடுத்தது இவள்தான் என்று சொல்லிக் கைதட்ட வைத்தாள்.

அதற்குப் பிறகு குளியல் அங்கேதான். ராக்னியின் துண்டு என் ஆணியிலிருந்து போயிற்று. நானும் போனேன். போகாமல் இருந்தால் கேட்பார்கள். விபேக்கா சொன்னபடியே நடுவில் நாற்காலி போட்டு உட்காருவாள். ராக்னிக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. காபிக் கோப்பையோடு கடல் பக்கத்து மூலைக்குப் போய், இரண்டு கம்பங்களுக்கும் இடையிலிருக்கும் கைப்பிடியில் முதுகைச் சாய்த்து எங்களைப் பார்த்து நின்றபடி பேசுவாள். முதல் நாளிலிருந்தே அதுதான் அவள் இடம். வெயில் அங்கேதான் முதலில் விழும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் நான் போய் மேடையைச் சோதித்தேன். விபேக்காவே கூப்பிடுவாள். துளை போடும் தமரூசியால் மரத்தைக் குத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். நல்ல மரத்தில் நுனி மட்டும் இறங்கி நின்றுவிடும். எல்லாக் கம்பத்திலும் அவள் பார்க்கக் குத்திக் காட்டுவேன். மூலைக் கம்பங்களில் மட்டும், பலகையோடு ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்தில், குனிந்து, முதுகால் மறைத்துக்கொண்டு குத்துவேன். ஆரம்பத்தில் மற்றவை மாதிரிதான் இருந்தது. பிறகு நகக்கண் அளவு. பிறகு விரற்கணு. உங்களுக்கு எப்படிச் சொல்வது, அது ஒரு துணைபோல இருந்தது. குளிர்காலம் முழுக்க அவர்கள் இருவரும் சிரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடிந்தது என்றால், நான் பார்க்காதபோதும் எனக்காக ஏதோ ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதால்தான். அதற்கு அவசரம் இல்லை. எனக்கும் இல்லை.

கடைசி வசந்தத்தில் ஊசி அதன் மரப்பிடிவரை உள்ளே போயிற்று. தயிருக்குள் போவதுபோல. இழுத்தபோது ஈரமாக வந்தது, காளான் வாசனை. ராக்னி பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"என்னடி, நோயாளி எப்படி இருக்காரு?" என்றாள்.

"நம்மளைவிட நல்லா இருக்காரு" என்றேன்.

ஊசியைக் கோட்டில் துடைத்துக்கொண்டேன். அவள் என் தோளில் கைவைத்து எழுந்து நிற்க உதவினாள். என் முழங்கால் அப்போதெல்லாம் வலிக்கும். "இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யிறியே" என்றாள். "நான்தான் உன்னை ஒழுங்காப் பாத்துக்கலையோன்னு சில சமயம் தோணும் எனக்கு."

ஊசியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த வாக்கியத்துக்காக எத்தனை குளிர்காலம் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. அது வந்துவிட்டது, என்னிடம் ஒன்றும் அசையவில்லை. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சொல்லியிருக்கலாம்தான். கம்பத்தை மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் மாற்றினால் மேடை உறுதியாகிவிடும். அவர்களுக்கு இன்னும் பல வருஷம் கிடைக்கும்.

செப்டம்பரில் ஒரு நாள். இரவு பெய்த மழை விட்டிருந்தது. குளித்து முடித்து மேலே வந்துவிட்டோம். கடல் வற்றிய நேரம், கீழே பாறை வெளியே தெரிந்தது. விபேக்கா நடுவில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவளுடைய அக்கா மீன் கரண்டியால் பந்து அடிப்பாள் என்றோ என்னவோ, எனக்குச் சரியாக நினைவில்லை. ராக்னி கோப்பையோடு மூலைக்குப் போனாள்.

"நீயும் இங்க வாயேன்டி. வெயில் இங்கதான் இருக்கு" என்றாள் என்னிடம்.

நான் காபிக் குடுவையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். வருகிறேன் என்றுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு ஓரடி பின்னால் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை, கால் தானாகப் போயிற்று. ராக்னி அதைப் பார்த்தாள். என் காலைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். விபேக்கா கதையை முடித்திருக்க வேண்டும், ஏனென்றால் ராக்னி சிரிப்பதற்காகத் தலையைப் பின்னால் சாய்க்கத் தொடங்கியிருந்தாள். முகம் என் பக்கமே இருந்தது. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. நனைந்த ரொட்டியைப் பிட்ட மாதிரி இருந்தது.

விபேக்காதான் முதலில் கீழே இறங்கினாள். உயரத்துக்குப் பயப்படுகிறவள், ஏணியில் முகம் வெளிப்பக்கம் பார்க்க இறங்கினாள். நான் அவசர உதவிக்குத் தொலைபேசியில் பேசினேன். முகவரியைத் தெளிவாகச் சொன்னேன் என்று பிறகு பாராட்டினார்கள்.

ராக்னி சாகவில்லை. பேச்சு போயிற்று, இடுப்புக்குக் கீழே போயிற்று. வலது கையில் கொஞ்சம் இருக்கிறது. அவளுக்கு எல்லாம் புரிகிறது என்று மருத்துவர் சொல்கிறார்.

ஊர் விபேக்காவைக் குறை சொல்லவில்லை, நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. மருந்தேற்றிய கட்டையாக இருந்தால் நின்றிருக்கும் என்று மட்டும் அவள் காதில் விழாத தூரத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் கேட்டுவிட்டாள். என் சமையலறையில் உட்கார்ந்து, "விஷம் வேண்டாம்னு நான்தானே பிடிவாதம் பிடிச்சேன், நீ எச்சரிச்சியே போர்கில்ட்" என்று அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யார் மேலும் தப்பில்லை, மரம் என்றால் அப்படித்தான் என்று சொன்னேன். அடுத்த குளிர்காலத்துக்குள் வீட்டை விற்றுவிட்டுப் போனாள். வாங்கியவன் மேடையைப் பிரித்தபோது மற்றக் கட்டைகள் எல்லாம் இரும்புபோல இருக்க, மூலையில் மட்டும் இப்படி இருப்பதைப் பார்த்து யோசித்திருக்கிறான். புதிதாக வந்தவன், அதனால் சரிபார்த்துவிட்டான். இந்தத் துண்டைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தான், அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

விபேக்காவைத்தானே கொல்ல நினைத்தாய் என்று இரண்டு முறை கேட்டீர்கள். இல்லை. விபேக்கா அந்த மூலைக்கு வரமாட்டாள் என்று கட்டையைப் பொறுக்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருந்தாளே. அங்கே நிற்கக்கூடியவள் ஒருத்திதான். ஒவ்வொரு வசந்தத்திலும் ஊசியைக் குத்தும்போது நான் யாரைப் பற்றி நினைத்துக்கொண்டேன் என்று கேட்டால், ராக்னியைத்தான். எப்போதும் ராக்னியைத்தான். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. எத்தனை வருஷம் சிறையோ தெரியவில்லை, அதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால் காலையில் ராக்னி இருக்கும் காப்பகத்துக்குப் போய்வர அனுமதிப்பார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். தினமும் நான்தான் போகிறேன். கூழ் ஊட்டுகிறேன், தலை குளிப்பாட்டித் துவட்டுகிறேன். அவளுக்கும் இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை, நாங்கள் மறுபடி இருவராகிவிட்டோம். அவளுக்கு அது பிடித்திருக்கிறது, எனக்குத் தெரியும். நான் உள்ளே நுழைந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள், அது கழுத்துத் தசை இழுப்பதால் வருவது. செவிலி வரும்போது இழுப்பதில்லை. வேளைக்கு வேளை தசை மாறும் என்று நினைக்கிறேன்.